இழுத்துப் பாருங்கள்

மூக்கைப் பொத்தாதீர்கள் அம்மிணி. பைக்குள் இருப்பது கருவாடு இல்லை, முடி. அலசி, நிழலில் காயவைத்து, சீவி, ரப்பர் மாட்டி, மாதிரி காட்ட எடுத்துப்போகிற முடி. உங்கள் தலையில் இருப்பதைவிடச் சுத்தம். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வாய் அப்படித்தான்.

இந்தச் சனங்களுக்கு முடி தலையில் இருக்கிற வரைக்கும் எண்ணெய் என்ன, பூ என்ன, கொஞ்சல் என்ன. அதே முடி ஒன்று சோற்றில் கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு அந்த அருவருப்பெல்லாம் எப்போதோ விட்டுப்போய்விட்டது. பேன் முடி, ஈர் முடி, காய்ச்சலில் கொட்டின முடி, எல்லாவற்றையும் இந்தக் கையால் பிரித்திருக்கிறேன். இப்போது எனக்குக் குமட்டுவதெல்லாம் மனுஷரைப் பார்த்தால்தான். அதிலும் என் எதிர்மாடியில் தலை பின்னுகிற அந்த அபேனியை நினைத்தால், த்தூ!

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நெற்றி ஓரத்து முடி போய்விட்டது. யார் காரணம்? நான்தானாம். அந்த அபேனி சொல்கிறாள், ஊர் சொல்கிறது, நான் பெற்ற மகளும் அவளோடு சேர்ந்துகொண்டு சொல்கிறாள். பஸ் பழனி போய்ச் சேர நேரம் இருக்கிறதல்லவா? நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீங்கள் படித்த பிள்ளை மாதிரி தெரிகிறீர்கள், நீங்களே சொல்லுங்கள் நியாயத்தை.

திருப்பூரில் இறங்கி முடிக்கார ராமாத்தாள் என்று கேட்டால் ஆட்டோக்காரன் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவான். சும்மா வந்த பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலைக்கென்று ஒரு காலையில் போனார், போனவர் போனவர்தான். இடுப்பில் பிள்ளை. கூடையில் ஹேர்பின், ஊசி, பாசி, பிளாஸ்டிக் டப்பா. சந்து சந்தாகப் போய்ச் சிக்குமுடி வாங்கினேன். தலை சீவும்போது சீப்பில் வருமே, அதை உருண்டையாகச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு ஒரு பின் அதிகம் கேட்டு என் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். நான் விடுவேனா? கொடுக்கிறவள் முகத்தைப் பார்க்க மாட்டேன், உருண்டையை மட்டும்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்த்திருந்தால் இன்றைக்கும் கூடையோடுதான் திரிந்துகொண்டிருப்பேன்.

இப்போது சொந்தக் கடை. பின்னாலேயே பட்டறை. பழனியில் மொட்டை முடி ஏலம் எடுக்கிறவரிடம் நேராகப் போய் வாங்குகிறேன். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் மாறாமல் அடுக்கி, சரம் சரமாகத் தைத்து விற்கிறேன். அந்தச் சரத்தைத் தலையில் இருக்கிற முடியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் இடுப்பு வரைக்கும் கூந்தல். பார்த்தால் ஒட்டு என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள்.

என் மகள் தமயந்திதான் கடைக்குப் போர்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் தலையில் சரம் தைத்து வாசலில் நிறுத்திவிட்டேன். வருகிறவர்களுக்கு முதல் சந்தேகம் என்ன? "ஏனுங்க, வழியில கழண்டு விழுந்துட்டா மானம் போயிருமே?" நான் பேசவே மாட்டேன். தமயந்தியைத் திருப்பி நிறுத்தி, "இழுத்துப் பாருங்க" என்பேன். பயந்து பயந்து இழுப்பார்கள். "அட, நல்லா இழுங்க, மாட்டுக் கயிறு மாதிரி இழுங்க" என்பேன். இழுப்பார்கள். சரம் அசையாது. தமயந்தி சிரித்துக்கொண்டே நிற்பாள், அப்படிப் பழக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு பேரம் பேச என்ன இருக்கிறது?

அவளுக்குக் கொஞ்சம் அகலமான நெற்றி. அது அவங்க அப்பன் வீட்டு நெற்றி. வயசு ஏற ஏற அகலமாகிற ஜாதி. காலையில் கண்மையைத் தொட்டு ஓரத்தில் லேசாக ஈஷி விட்டால் போதும், போட்டோவில் ஒன்றும் தெரியாது.

சரி, அபேனிக்கு வருகிறேன். நைஜீரியாக்காரி. அவள் வீட்டுக்காரர் இங்கே பனியன் வாங்கி அவங்க ஊருக்கு அனுப்புகிறவர். வந்து பல வருஷம் ஆச்சு, நம் ஊர் 'ங்க' எல்லாம் போட்டுப் பேசுவாள். சந்தையில் கத்தரிக்காய்க்கு அவள் பேரம் பேசினால் நானே ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு, பொய் சொல்லமாட்டேன். என் கடைக்கு எதிர் மாடியில், வீட்டு முன்னறையில் தலை பின்னுகிறாள். அவங்க நாட்டு வியாபாரிகளின் பெண்டாட்டிகள், கோயமுத்தூர் காலேஜில் படிக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளைகள், எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். தலையோடு ஒட்டினாற்போல வரிவரியாகப் பின்னி அதன்மேல் சரத்தைத் தைப்பாள். சரம் என் கடைச் சரம்.

ஆனால் அவள் தைக்கிற லட்சணம் இருக்கிறதே! தொளதொளவென்று தைப்பாள். முன்னால் நெற்றியோரம் இரண்டு விரல் அகலத்துக்குத் தொடவே மாட்டாள். தைத்து முடித்ததும் கஸ்டமரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, "புருவத்தைத் தூக்கு" என்பாள். தூக்கும்போது தோல் இழுத்ததோ, முகம் சுளித்ததோ, போச்சு. அரை நாள் தைத்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி தைப்பாள். இப்படியும் ஒரு பைத்தியக்காரி தொழில் பண்ணுவாளா?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா அபேனி, தலையை இறுக்கிக் கட்டினாத்தானே படிஞ்சு நிக்கும்? நீ என்ன கூடையில கீரை கட்டற மாதிரி கட்டற?"

"அக்கா, எங்க முடி வளையம் வளையமா இருக்கும். பாக்கத்தான் கெட்டி. ஒவ்வொரு வளைவுலயும் ஒடியுங்க."

"ஒடியாம பாத்துக்கறதுதான் உன் வேலை."

"அதைத்தானுங்க பண்றேன்."

பதிலைப் பாருங்கள்! அது போதாதென்று வருகிறவர்களைத் திருப்பி வேறு அனுப்புவாள். நெற்றியோரம் வேர்க்குரு மாதிரி பொரிந்திருந்தால், "இப்ப தைக்கமாட்டேன். கொஞ்ச மாசம் தலையைச் சும்மா விடு, அப்புறம் வா." கடை திறந்து வைத்துக்கொண்டு வாசலில் வந்த லட்சுமியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவளை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அவள் திருப்பி அனுப்புகிற ஒவ்வொருத்தியும் நான் விற்காமல் போன ஒரு சரம் இல்லையா? எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அப்போதுதான் வஞ்சிரு வந்தாள். கென்யாப் பிள்ளை. கோயமுத்தூரில் படிப்பு. ஒல்லியாக, உயரமாக, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. ஈஸ்டர் முடிந்ததும் திருப்பூர் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளையும் அவங்க ஊர்ப் பையன்தான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் வேண்டும். என்னிடம் ஒரு செட் இருந்தது. அம்மிணி, அந்த மாதிரி முடியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒரே தலை முடி, நுனி வரைக்கும் ஒரே கனம். யாரோ மகராசி என்ன வேண்டுதலுக்குக் கொடுத்தாளோ. அதை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.

அபேனி முடியைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணின் தலைத்துணியை அவிழ்த்து, விரலால் நெற்றியோரம் தடவினாள். இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் முடி மெலிந்து தோல் தெரிந்தது. காலேஜ் சேர்ந்ததிலிருந்து இறுக்கி இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முடியாது கண்ணு. இந்தக் கனம் தாங்காது."

"கல்யாணம் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பிள்ளை.

"கல்யாணம் ஒரு நாள். இந்த முடி போச்சுன்னா திரும்ப வராது. நான் அழகா, லேசா பின்னி விடறேன். மேல துணி கட்டி விடறேன், எங்க ஊர் ராணி மாதிரி இருப்ப. இல்லைன்னா கழட்டி மாட்டற விக் வெச்சுக்கோ."

பெண் பொலபொலவென்று அழுதாள். அபேனி அசையவில்லை. எனக்கு அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கல்யாணப் பெண்ணை அழவிடுகிறவள் மனுஷியா?

படியில் இறங்கி வந்த பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அழாத கண்ணு. எங்கிட்ட வா. என் பொண்ணு தைப்பா. உனக்குப் பிடிச்ச மாதிரி." விலையில் கொஞ்சம் இறங்கினேன்கூட. நான் இறங்கினது பெரிய விஷயம், எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

தமயந்தி தைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவளுக்கு எப்போதும் பாதியில் கை தளர்ந்துபோகும். "இறுக்குடி. இன்னும் இறுக்கு. சர்ச்சுல அவுந்து விழுந்தா யார் மானம் போகும்?" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். நெற்றி ஓரத்திலிருந்தே எடுக்கச் சொன்னேன். இரண்டு விரல் விடுவதாவது! அங்கேயிருந்து எடுத்தால்தானே ஒட்டுத் தெரியாது?

"வலிக்குது அம்மா" என்றாள் வஞ்சிரு. அந்த வார்த்தையைத் தமிழிலேயே சொன்னாள்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

தமயந்தி ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, தோல் தூக்கிட்டு நிக்குது."

"நின்னா நிக்கட்டும். நீ தை."

முடித்தோம். அம்மிணி, என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. இழுத்த இழுப்பில் கண் இரண்டும் மேலே ஏறி, பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். நைரோபியில் இருக்கிற அவள் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போனுக்கு முன்னால் போய் நின்று, கூந்தலைக் கையில் சுற்றி, ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினேன். அசையவில்லை. பாஷை தெரியாத அந்த அம்மாளுக்குக்கூடப் புரிந்தது, கை தட்டினாள். பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். சந்தோஷம்தானே, வேறென்ன?

கல்யாணத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கூந்தல்மேல்தான். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அபேனி பின்னால் எங்கேயோ இருந்தாள். வெளியே வரும்போது அவளைப் பார்த்து, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "சீக்கிரம் எடுத்துடச் சொல்லுங்க அக்கா" என்றாள். பொறாமை. வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பெண் எடுக்கவில்லை. புதுப்பெண், ஆசை. தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? ஒரு தடவை போன் பண்ணினாள், இல்லையென்று சொல்லவில்லை. கடையில் ஆள் இருந்தது. "நல்லெண்ணெய் தேய்ச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நம் வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் அதைத்தானே சொல்வோம்?

பிறகு ஒரு சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். அபேனி அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பெண் தலையில் துணி சுற்றியிருந்தது. அபேனி கையில் கேரிபேக். வந்ததும் வராததுமாக அதை என் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்தாள். என் சரம். அதன் தையலோடு சின்னச் சின்னச் சுருள் முடி, வரிசையாக, வேரோடு. ஒவ்வொன்றின் வேர்முனையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. துணியை அவிழ்த்தாள். பொட்டு இரண்டும் மொழுமொழுவென்று. ஒரு பக்கம் சீழ் கட்டிக் காய்ந்திருந்தது. எண்ணெயும் சீழும் கலந்த அந்த வாடை! வந்திருந்த கஸ்டமர்கள் ஒவ்வொருத்தராக நழுவிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வியாபார நேரத்தில் வந்து மேஜைமேல் கொட்டுகிற பொருளா அது?

சரத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். "நல்லாப் பாரு அபேனி. என் சரக்குல ஒரு முடி உதிர்ந்திருக்கா? தையல் பிரிஞ்சிருக்கா? வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. என் முடி கெட்டி. அவ வேரு வீக். அதுக்கு நான் பொறுப்பா?"

"உங்க முடி நல்ல முடிங்க அக்கா" என்றாள் அபேனி. கத்தவில்லை, கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். "அது எங்கயும் போகல. இவளோடதுதான் போயிருச்சு."

"அவ அலசாம வெச்சிருந்தா நான் என்ன பண்றது?"

"தொட்டா உயிர் போற வலியில எப்படிங்க அலசுவா?"

அந்தப் பெண் வஞ்சிரு மேஜை அருகே வந்தாள். பணம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பேரம் பேசத் தெரியும். அவள் சரத்தைக் காட்டி, உடைந்த தமிழில், "இது வேற பொண்ணுக்கு வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான்.

அதோடு போயிருக்கலாம். அபேனி திரும்பும்போது தமயந்தியைப் பார்த்தாள். வாசலில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அபேனி அவள் கிட்டே போய், கட்டை விரலை எச்சிலில் தொட்டு, என் மகள் நெற்றியோரத்தைத் துடைத்தாள். கண்மை விரலோடு வந்துவிட்டது. அடியில் மெல்லிய பூனை முடி மட்டும்தான்.

"அது அவங்க அப்பன் வீட்டு நெத்தி" என்றேன்.

"புருவத்தைத் தூக்கு கண்ணு" என்றாள் அவள், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல்.

தமயந்தி தூக்கப் பார்த்தாள். முகம் முழுக்கச் சுருங்கியது, புருவம் மட்டும் ஏறவில்லை. என் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தே பழகினவள், கடை வாசலில் நின்று ஓவென்று அழுதாள். தெருவே பார்த்தது. நான் வளர்த்த பிள்ளை இப்படியா என்னை அசிங்கப்படுத்துவாள்?

அன்றைக்கே மாடி ஏறிப் போனவள்தான். அபேனி அவள் சரத்தையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டாள். இப்போது அங்கேயேதான் வேலை கற்றுக்கொள்கிறாள். பையன் மாதிரி கழுத்தளவு முடி. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்! பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கோயமுத்தூரில் தோல் டாக்டரிடம் தமயந்தி, வஞ்சிரு இரண்டு பேரையும் அபேனி கூட்டிக்கொண்டு போனாளாம். தமயந்திக்கு வேர் இன்னும் இருக்கிறது, இழுக்காமல் விட்டால் வரலாம் என்றாராம். வஞ்சிருவுக்கு இடது பக்கம் கொஞ்சம் துளிர்க்கிறதாம். வலது பொட்டில் தழும்பாகிவிட்டது, இனி வராது என்று கையை விரித்துவிட்டாராம். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். ஆனால் அந்தப் பெண் இப்போதெல்லாம் துணி கட்டாமல், அந்த வலது பக்கத்தை அப்படியே காட்டிக்கொண்டு மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, "தொட்டுப் பார்" என்கிறாளாம். என் கடைக்கு எதிரில்! அவங்க ஆட்கள் ஒருத்தர்கூட இப்போது என் படி ஏறுவதில்லை.

அந்தச் சரமா? அலசி, அந்தச் சுருள் முடியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, பெட்டியில் வைத்திருக்கிறேன். பிரித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் நேரம், பித்தம். இன்னும் விற்கவில்லை. அவள் சொன்னதற்காக இல்லை. தகுந்த ஆள் வரவில்லை, அவ்வளவுதான். என்ன பார்க்கிறீர்கள்?

நேற்று மனசு கேட்காமல் மாடி ஏறினேன். சண்டை போட இல்லை. பழனிக்குப் போகிறேன், கடையைப் பார்த்துக்கொள்ள வா என்று கூப்பிடத்தான். கதவு திறந்திருந்தது. அபேனி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி ஒரு பெண்ணின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். என்ன வேகம் தெரியுமா? நத்தை தோற்றுவிடும். ஒரு வரி பின்னுவாள், குனிந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள், "வலிக்குதா?" என்பாள். இல்லையென்றால் அடுத்த வரி. மறுபடி குனிவாள். "வலிக்குதா? சொல்லுங்க, அவிழ்த்துடறேன்." வரிக்கு வரி இதே பாட்டு. இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு தலை எப்போது முடிவது, அடுத்த தலை எப்போது உட்காருவது? தொழிலா இது?

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். "அம்மா, வாங்க. இது முடிஞ்சதும் நீங்க உக்காருங்க. உங்க கொண்டையைப் பிரிச்சுப் பார்க்கறேன்" என்றாள்.

எனக்கா? என் தலைக்கு என்ன? நின்ற காலோடு இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க அந்தப் பேச்சுதான் காதில். அருவருப்பாக இருக்கிறது அம்மிணி. வலிக்குதா, வலிக்குதா என்று, அது என்ன கேள்வி? கூடை தூக்கின நாளில் கேட்டார்களா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தபோது கேட்டார்களா? இந்த வயசு வரைக்கும் என்னை ஒருத்தர் ஒரு நாள் அப்படிக் கேட்டதில்லை. நான் என்ன, செத்தா போய்விட்டேன்?